சிலுவை போடாத ஊசி

காஸ் சிலின்டரை றேமண்ட் தூக்கியிருக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்த ஒடுக்கமான ஒழுங்கையின் முனையில், அந்த வேலைக்கென்றே தோளில் சாக்குத் துண்டோடு ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்கென்று ஒருவரும் இல்லை. மேல்மாடியில் தனியாக இருக்கும் பேர்ணடெற் மிஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "தூக்கிற ஆளைக் காணேல்லையே" என்று ஒழுங்கைக்குப் பொதுவாகச் சொன்னார். கீழ்வீட்டு வாசலில் நின்ற றேமண்டுக்கு அந்த நேரம் பார்த்துத் தன் வயது மறந்துபோனது.

வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்தில் டாலி கிளார்க். மற்றவர்கள் தூக்கிப்போகும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணியே காலத்தைக் கடத்தியவர். வாழ்க்கையில் அவர் தூக்கியதிலேயே பாரமான சாமான் பென்சில்தான் என்று எதிர்வீட்டு ஹியூபேட் சொல்வான். ஹியூபேட் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பாரத்தைப் பற்றிக் கதைக்க அவனுக்கு உரிமை உண்டு.

"மிஸ், வழியை விடுங்கோ, ஹார்பர் வருது!" என்று கத்திக்கொண்டு றேமண்ட் மிஸ்ஸின் சிலின்டரைத் தோளில் ஏற்றினார். பாதிப் படி வரைக்கும் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. பிறகு இடுப்புக்குப் பின்னால், நாரிக்குள் யாரோ கத்தரிக்கோலை விட்டு வெட்டினதுபோல ஒரு பிடிப்பு. கை விட்டுவிட்டது. சிலின்டர் மரப்படிகளை ஒவ்வொன்றாக இடித்து இறங்கி, ஒழுங்கைக்குள் பாய்ந்து, சரிவில் உருண்டு, கழிவுத் தண்ணி ஓடும் கானுக்குள் போய் விழுந்தது.

கோட்டைப் பக்கம் பெரிய குண்டு வெடித்த வருசம் அது. கதவை அடித்துச் சாத்தினாலே சனம் நிலத்தில் படுக்கும். அன்றைக்கு ஒழுங்கை முழுக்கப் படுத்தது. ஹியூபேட் சோற்றுக் கோப்பையோடு கட்டிலுக்குக் கீழே போனான். முனையில் மருந்துக்கடை வைத்திருந்த ஹுசைன் நானா, வாங்க வந்த ஆளையும் உள்ளுக்கு வைத்தே ஷட்டரை இழுத்துவிட்டார். சந்தி மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரர் ஓடி வந்து, சிலின்டர் கையைத் தூக்கிச் சரணடையும் என்று எதிர்பார்த்தவர்கள்போல அதற்குத் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். படியிலே, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், பல்லிபோல ஒட்டிக்கொண்டு றேமண்ட்.

"மேக்க காகெத?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். இது யாருடையது?

"மிஸ்கே, மஹத்தயா," என்றார் றேமண்ட். மிஸ்ஸுடையது, ஐயா. உண்மையும் அதுதான். ஆனாலும் ஒரு பெண்பிள்ளையைக் காட்டிக் கொடுத்ததுபோல அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு சும்மா விடுவார்களா? ஒழுங்கையையே வளைத்துத் தேடுதல் தொடங்கியது. ஆம்பிளைகளை எல்லாம் சந்தியில் வரிசையாக இருத்தினார்கள். ஹியூபேட் போகும்போது, "நீ தூக்கினதுக்கு நாங்கள் குந்தப் போறம், மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். றேமண்டைக் குந்த வைக்க முடியாததால் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். படுத்தால் உயிர் போனது. இருந்தால் அதைவிட. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் முடிந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் ஓட்டோ ஒன்றும் உள்ளே வராது.

பின்னேரம் மிஸ் இறங்கி வந்தார். கையில் ஹுசைன் நானாவிடம் வாங்கிய நோவூசி மருந்து, புதுச் சிரிஞ்ச், ஸ்பிரிட் போத்தல். மிஸ் பென்சன் எடுத்துக்கொண்டு வந்த வார்ட் நர்ஸ். ஒழுங்கையில் யாருக்கு நாரி பிடித்தாலும் முழங்கால் வீங்கினாலும் டிஸ்பென்சரி வரிசையில் போய் நிற்பதில்லை. குளிசை என்பது மருந்தில்லை, குத்தினால்தான் மருந்து என்று நம்புகிற சனம். மிஸ்ஸிடம்தான் போவார்கள். காசு வாங்கமாட்டார். மீனோ வட்டிலப்பமோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். றேமண்டின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் தினமும் வந்து குத்தியவரும் மிஸ்தான்.

"ஆள் வருமட்டும் பொறுத்திருக்கலாம்தானே? ஏன் தூக்கினனீங்கள்?"

"எக்சர்சைஸ், மிஸ்."

மிஸ் சுவரில் தொங்கிய கொன்ஸ்ரன்ஸின் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று மருந்தை உறிஞ்சினார். "சாரத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ."

றேமண்ட் நாலு விரலளவுதான் இறக்கியிருப்பார். "காணும், காணும். அவ்வளவு காணும்," என்றார் மிஸ்.

ஸ்பிரிட் குளிர்ந்தது. ஊசி என்றால் றேமண்டுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். பயம் வந்தால் பகிடி வரும். மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: "மிஸ், ஆமிக்காரர் இன்னும் செக் பண்ணாத இடம் இது ஒண்டுதான். கவனமாப் பாருங்கோ."

பின்னால் மிஸ்ஸின் கை ஒருதரம் குலுங்கியது. மிஸ்ஸைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று றேமண்ட் சந்தோசப்பட்டு முடிப்பதற்கு முன்பே, பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் கரன்ட் அடித்தது. "அம்மோ!" என்று கத்தினார். ஊசி வெளியே வந்தது. மிஸ் பஞ்சை அழுத்தவும் இல்லை. சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

விடிய நாரிப்பிடிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. மருந்து நல்ல மருந்துதான். கட்டிலால் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நாலடி வைத்தபோது, வலது செருப்பு கட்டிலடியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய்ப் போட்டார். திரும்பவும் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், பாதம் மழையில் நனைந்த கொடிபோலத் தொங்குகிறது. மேலே தூக்கு என்று சொன்னார். அது கேட்கவில்லை. அவர் சொல்லை அந்த வீட்டில் கேட்பதற்கு இருந்த கடைசி ஆளும் அன்றோடு போயிற்று.

*

பெரியாஸ்பத்திரி டொக்டர் மொட்டூசியால் காலைச் சுரண்டிப் பார்த்தார். காலில் வயர் பூட்டிக் கரன்ட் விட்டுப் பார்த்தார்கள்.

"ஊசி நரம்பில் பட்டிருக்கிறது. யார் போட்டது?"

"வெள்ளவத்தைப் பக்கம் ஒரு டிஸ்பென்சரி, டொக்டர். பேர் ஞாபகமில்லை."

இந்தப் பொய்யை றேமண்ட் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. வெள்ளவத்தை கடற்கரைப் பக்கம், நல்ல தூரம், தேடிப் போகமாட்டார்கள்.

"கால் எழும்புமோ, டொக்டர்?"

"நரம்பு மெதுவாகத்தான் வளரும். பார்ப்பம்."

அடுத்த கிளினிக்கிலும் பார்ப்பம். அதற்கடுத்ததிலும் பார்ப்பம். பாதம் விழாமலிருக்க, சப்பாத்துக்குள் வைத்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கொடுத்தார்கள். வேலைக்கு அதைப் போட்டுப் போனார். ஒழுங்கைக்குள் மட்டும் றப்பர் செருப்பை இலாஸ்ரிக்கால் கட்டிக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பாதம் 'டப்' என்று நிலத்தில் அடித்தது. கால் எழும்புமோ என்று கோயிற் பாதரிடம் கேட்டார், பாதர் செபியுங்கோ என்றார். ஹுசைன் நானாவிடமும் போனார், நானாதான் முந்திக் கேட்டார்.

"கால் எப்பிடி ஈக்கி, றேமண்ட்?"

"உங்கட மருந்தைக் கேளுங்கோ, நானா."

ஹுசைன் நானாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பிடிச் செல்லாதீங்க. அதே மருந்து, அதே பெட்டி, எத்தின பேருக்குக் குடுத்தீக்கேன். அல்லாஹ் லேசாக்குவான். இந்தாங்க, இத உருவுங்க," என்று ஒரு தைலப் போத்தலை நீட்டினார். றேமண்டின் வீட்டில் தைலம் மட்டும் அப்படி ஏழெட்டுப் போத்தல் சேர்ந்தது. ஒருவரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

நேரான கேள்வி கேட்டவன் ஒருவன்தான். சந்திச் சோதனைச்சாவடியில் புதிதாக வந்த ஆமிப்பொடியன், காற்சட்டையைத் தூக்கச் சொல்லிப் பட்டையைப் பார்த்தான். காலில் பட்டை கட்டிய தமிழன். பொடியன் என்ன நினைத்திருப்பான் என்று அறியச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. இந்த வயதில் தன்னையும் ஒருவன் துவக்குத் தூக்கிய இயக்கக்காரன் என்று எண்ணினானே என்று றேமண்டுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ககுலட்ட மொகத வுனே?" காலுக்கு என்ன நடந்தது?

"பெஹெத் வித்தா, மஹத்தயா." ஊசி போட்டது.

ஊசி போட்டால் சுகம்தானே வரும், கால் எப்படிப் போகும் என்று பொடியன் கேட்டான். துறைமுகத்துக்குப் போன் எடுத்து விசாரித்து முடியுமட்டும், மத்தியானம் வரை றேமண்டை மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். இருந்த நேரம் முழுக்க றேமண்டும் அதையே யோசித்தார்.

யோசித்துக் கிடைத்த விடை ஒன்றுதான். மிஸ்ஸின் கை எத்தனை வருசப் பழக்கமுள்ள கை. அது தானாகப் பிழைக்காது. நான் பகிடி விட்டேன், மிஸ் சிரித்தார், கை விலகியது. வாயால் கெட்ட கால்.

கால் ஒருபக்கம் இருக்கட்டும். மேல்மாடிக் கூடை இறங்காமல் விட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மேல்மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு பிரம்புக்கூடை இறங்கும். பாண்காரன், மீன்காரன் எல்லாரும் அதற்குள்தான் போடுவார்கள். காலையில் றேமண்ட் தன் பேப்பரை வாசித்துவிட்டுக் கூடைக்குள் வைப்பார். பின்னேரம் அதே கூடையில் பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி இறங்கும். வாசற்படியில் இருந்து அவர் குடிப்பார். மேலே ஜன்னலில் கையூன்றி மிஸ் நிற்பார். "இண்டைக்குக் கப்பல் வந்ததோ?" "வந்தது மிஸ், உங்களைத்தான் விசாரிச்சது." அவ்வளவுதான் கதை. கொன்ஸ்ரன்ஸ் போன பிறகு அந்த அவ்வளவுதான் இருந்தது.

ஊசிக்குப் பிறகு கூடை இறங்கவில்லை. மிஸ் பாண் வாங்கவும் தானே இறங்கிப் போனார், றேமண்ட் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. ஒரே கூரை. தலைக்கு மேலே பலகையில் மிஸ் நடக்கிற சத்தம் றேமண்டுக்குக் கேட்கும். கீழே சீமெந்தில் 'டப், டப்' என்று றேமண்ட் நடக்கிற சத்தம் மிஸ்ஸுக்குக் கேட்கும். சில பின்னேரங்களில் றேமண்ட் வேண்டுமென்றே நடக்காமல் இருந்தார். அப்போது மேலேயும் சத்தம் நின்றுவிடும்.

றேமண்ட் பகிடி விடுவதையும் நிறுத்தினார். டாலி ஷெட்டில் ஆட்கள் முதலில் சுகமில்லையோ என்றார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

*

அப்படியே ஒரு வருசம் ஓடிற்று. மழை திரும்ப வந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஹியூபேட் மூடிய கோப்பையோடு ஒழுங்கையைத் தாண்டி வந்தான். அவன் மனைவி றோஸி அனுப்பிய பாணும் மீன் சொதியும் மாசிச் சம்பலும். றேமண்ட் தின்னுகிறாரா என்று பார்த்துக்கொண்டு வாசற்படியில் பக்கத்தில் இருந்தான்.

"மச்சான், மிஸ் போறாவாம்."

"எங்க?"

"இரத்மலானைக்கு. தங்கச்சியின்ர மகள் வீட்டுக்கு. நாளையிண்டைக்குப் பூசை முடிய வான் வருதாம்."

"விசிற்றுக்கோ?"

"அலுமாரியையும் கொண்டு ஆரடா விசிற்றுக்குப் போறது?"

றேமண்ட் பாணைச் சொதியில் தோய்த்தார். தோய்த்த துண்டு ஊறி, பிய்ந்து, கோப்பைக்குள் விழுந்தது.

"ஊசியும் குத்திறேல்லை இப்ப," என்றான் ஹியூபேட். "றோஸி முழங்காலோட படியேறிப் போனவள். கதவே திறக்கேல்லை. உள்ளுக்கு நிண்டே, கை நோகுது, டிஸ்பென்சரிக்குப் போ எண்டவவாம். கையாவது நோவாவது! நேற்றும் தேங்காய் துருவின சத்தம் எங்கட வீட்டுக்குக் கேட்டது."

"எல்லாம் என்னாலதான்."

"என்னெண்டு?"

"அவ குத்தேக்க நான் பகிடி விட்டனான். சிரிச்சிட்டா. கை விலகிற்று. அந்த வெட்கத்திலதான் முகம் காட்டாமல் இருக்கிறா."

ஹியூபேட் அவரைத் திரும்பிப் பார்த்தான். "மிஸ் சிரிச்சவவோ? உன்ர பகிடிக்கோ? டேய், என்ர கல்யாணத்தில நான் கேக்குக்கு மேல விழுந்தனான். ஊரே சிரிச்சது. மிஸ் வந்து கையை உடைச்சிட்டியோ எண்டு பார்த்தவ."

"கை குலுங்கினது எனக்குத் தெரியும்தானே."

"என்னவோ. எனக்குக் குத்தேக்கயெண்டால் நான்தான் குலுங்கினது. சாரத்தை முழங்கால் மட்டும் இறக்கெண்டா. நான் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். 'ஹியூபேட், உமக்கு இருக்கிறது ஹார்பர் முழுக்க இருக்கிறதுதான், நான் எல்லாம் கண்டாச்சு, விடும் கையை' எண்டு ஒரே பேச்சு. பிறகு குப்புறப் படுக்கப் போட்டுச் சிலுவை போட்டவ."

"என்ன சிலுவை?"

"ஸ்பிரிட் பஞ்சாலையடா. மேலயிருந்து கீழ ஒரு இழுவை, குறுக்க ஒரு இழுவை. நாலு பங்கு வரும்தானே? மேல், வெளிப்பக்கப் பங்கில மட்டும்தான் குத்தலாமாம். மற்றப் பக்கம் பெரிய நரம்பு ஓடுதாம். சிலுவை போடாமல் ஊசி எடுக்கவே மாட்டா. ஹுசைன் நானாவுக்கும் போட்டவ."

"நானாவுக்குமோ?"

"ஓம். அந்த மனுசன் படுத்த வாக்கில, 'மிஸ், வேற ஏதும் டிசைன் இல்லையா?' எண்டு கேட்டவராம்."

ஹியூபேட் தன் கதைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். றேமண்ட் சிரிக்கவில்லை. கொன்ஸ்ரன்ஸுக்கும் மிஸ் சிலுவை போட்டார். தினமும், ஒருநாள் தவறாமல். கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற றேமண்ட் அதை ஆசீர்வாதம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். நல்ல பக்தியுள்ள மனுசி என்று மனதுக்குள் மெச்சியும் இருந்தார்.

"உனக்கு எந்தப் பக்கம் குத்தினவ?" என்று கேட்டுவிட்டு, ஹியூபேட் சிரிப்பை நிறுத்தினான். "டேய், உனக்குப் போட்டவவோ?"

பஞ்சு ஒரே ஒரு இடத்தில்தான் குளிர்ந்தது. றேமண்டுக்கு அந்த இடம் இன்னும் தெரியும்.

"இல்லை."

கூரைப் பீலியால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஹியூபேட் கோப்பையின் மூடியை எடுத்தான், பூட்டினான், திரும்ப எடுத்தான். "அது... ஆமி நிண்ட அந்தரத்தில மறந்திருப்பா, மச்சான். நீ சாப்பிடு."

இவனும் தைலப் போத்தல் நீட்டுகிறான் என்று றேமண்ட் நினைத்தார்.

*

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. றேமண்ட் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் படிகளில் ஏறினார். சிலின்டர் விழுந்த நாளுக்குப் பிறகு ஏறவில்லை. சிலின்டர் பிய்த்த பள்ளங்கள் மரத்தில் அப்படியே இருந்தன. பாதம் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இடறியது; கையால் காற்சட்டையைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்து, மற்றக் காலைக் கொண்டுவந்து சேர்த்தார். பாதியில், தான் பல்லியாக ஒட்டிக்கிடந்த இடத்தில், கொஞ்சம் நின்றார்.

கதவைத் தட்டத் தேவையிருக்கவில்லை. திறந்துதான் இருந்தது. அவர் ஏறுகிற சத்தத்துக்கு மிஸ் வந்து வாசலில் நின்றார். மெலிந்துபோயிருந்தார். உள்ளே பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. கூடை ஒரு பெட்டிக்கு மேலே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குசினி மூலையில் அந்தச் சிலின்டர். நசுங்கின பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்திருந்தார்.

"இருங்கோ," என்றார் மிஸ். றேமண்ட் கதிரையில் இருந்தார். மிஸ் கேட்காமலே நிலத்தில் முழங்காலூன்றி அவருடைய வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்தார். "விரலை மேல எடுங்கோ."

றேமண்ட் முயன்றார். முகம்தான் கோணியது.

தலையிலிருந்த ஹெயார்பின்னை எடுத்து மிஸ் பாதத்தின் மேலே கீறினார். "தெரியுதோ?"

"இல்லை."

"இங்க?"

"இல்லை, மிஸ். எழும்புமோ?"

மிஸ் பாதத்தை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"எழும்பாது. ஒரு வருசமாகியும் அசைவு வரேல்லையெண்டால் இனி வராது. உணர்ச்சி கொஞ்சம் வரலாம். நடை இதுதான்."

தோளில் நெடுநேரம் கிடந்த ஒன்றை யாரோ பின்னால் வந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது றேமண்டுக்கு. கெட்ட செய்திதான். ஆனால் செய்தி.

"ஆஸ்பத்திரியில வெள்ளவத்தை டிஸ்பென்சரி எண்டு சொன்னீங்களாம்," என்றார் மிஸ். "ஆஸ்பத்திரியில என்னோட வேலை செய்த பிள்ளை சொன்னவள். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வெள்ளவத்தைக்கும் ஒரு விளம்பரம் வேணும்தானே..." என்று தொடங்கிய றேமண்ட் பாதியில் விட்டார். ஒரு வருசமாகப் பாவிக்காத வாய், பகிடி துருப்பிடித்திருந்தது.

"மிஸ், நான் அண்டைக்குப் பகிடி விட்டிராட்டி உங்கட கை பிழைச்சிராது. இதைச் சொல்லத்தான் ஏறி வந்தனான். என்ர வாயால வந்தது. அதுக்காக நீங்கள் இந்த இடத்தை விட்டுப் போக வேண்டாம்."

"நான் சிரிக்கேல்லை."

"கை குலுங்கினதே?"

"அது ஊசி போன பிறகு. உங்கட கால் துடிச்சதை நான் உணர்ந்திட்டன். உங்களுக்குக் கரன்ட் அடிக்க முன்னமே எனக்குத் தெரியும் நான் எதில குத்தியிருக்கிறன் எண்டு."

கீழே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். மிஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே வழக்கம்போலக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"சிலுவை போடேல்லை," என்றார் றேமண்ட்.

"இல்லை."

"ஹியூபேட்டுக்குப் போட்டனீங்கள். ஹுசைன் நானாவுக்கும் போட்டனீங்கள். கொன்ஸ்ரன்ஸுக்கு ஒவ்வொரு நாளும் போட்டனீங்கள். எனக்கு மட்டும் ஏன்? மறந்திட்டீங்களோ?"

"நான் அதை மறக்கிறேல்லை."

"அப்ப?"

மிஸ் எழும்பினார். ஜன்னலடிக்குப் போவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று றேமண்ட் நினைத்தார். போகவில்லை. இன்னொரு கதிரையை இழுத்து, அவருக்கு நேரே போட்டு இருந்தார். றேமண்ட் பயந்துவிட்டார். பயத்தில் ஒரு பகிடி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"முதல்ல நீங்கள் சொல்லுங்கோ. எக்சர்சைஸ் எண்டு சொல்லாதேங்கோ. அந்தச் சிலின்டரை ஏன் தூக்கினனீங்கள்?"

"நீங்கள் ஜன்னலில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனீங்கள்," என்றார் றேமண்ட்.

மிஸ் தலையை ஆட்டினார்.

"கவனமாப் பாருங்கோ எண்டு சொன்னீங்கள். சாரத்தை இறக்கச் சொல்லி, சிலுவை போட்டு, பார்த்துத்தான் குத்தியிருக்க வேணும். ஹார்பரில பாதி ஆம்பிளையளுக்கு அப்பிடித்தான் குத்தினனான். எனக்கு அது வெறும் இறைச்சி. உங்களுக்கு அப்பிடிச் செய்ய எனக்கு ஏலாமப் போச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தினனான், றேமண்ட். உங்களைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது."